மெழுகில் வார்த்த தலை

சினிமாவுக்குப் பிணம் செய்வதுதான் அவர் தொழில். வெட்டுப்பட்ட கை, கருகிய கால், எதைக் கேட்டாலும் மெழுகில் வார்த்துக் கொடுப்பார். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் மெழுகண்ணன்.

அந்த வருடம் ஒரு பழைய கிரேக்கச் சோக நாடகத்தைப் படமாக்கினார்கள். புத்தி பேதலித்த தாய், சிங்கம் என்று நினைத்துச் சொந்த மகனைக் கொன்று, தலையைக் கையில் ஏந்தி ஊருக்குள் வருகிறாள். மகனாக நடித்தவனோ, முகத்தில் பிளாஸ்டர் பூசியதும் மூச்சு முட்டுகிறதென்று எழுந்து ஓடிவிட்டான். நாள் நெருங்கியது. முடியும் ரத்தமும் மறைத்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று மெழுகண்ணன் தன் மகனையே படுக்கவைத்து அச்சு எடுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"வாயை மூடு. அச்சு கெட்டுடும்."

படப்பிடிப்பன்று, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மனைவி வந்தாள். காட்சியில் வரும் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு பெண் குறைந்தாள். உடைகளைக் கவனிக்கும் அக்கா அவளுக்கு ஓர் அங்கியை மாட்டி முன்வரிசையில் நிறுத்திவிட்டாள். கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் மெழுகண்ணன் அவளைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார்.

அதற்குள், தாயாக நடித்த கதாநாயகி தன் கையிலிருந்த தலையின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினாள்.

மனைவி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெழுகண்ணன் ஓடினார். "மெழுகுடி, வெறும் மெழுகு. பையன் வீட்டுலதான் இருக்கான்."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

இயக்குநர் எழுந்து வந்தார். "பிரமாதம்மா. ஃபோகஸ்தான் போயிடுச்சு. இதே மாதிரி இன்னொரு தடவை உக்காருங்க. அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க."

இன்னொரு தடவை. அந்தத் தலை இருக்கும்வரை இவளை விடமாட்டார்கள். மெழுகண்ணன் கதாநாயகியின் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். விளக்குச் சூட்டில் இளகியிருந்த மூக்கை நசுக்கக் கட்டைவிரலை வைத்தார்.

மனைவி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். "அவன் முகத்துல கை வைக்காதீங்க."

தலையைத் துணியில் சுற்றினாள். மார்போடு அணைத்துக்கொண்டு, போட்டிருந்த அங்கியோடு வாசலைத் தாண்டி நடந்தாள். இயக்குநர் உட்பட ஒருவரும் குறுக்கே போகவில்லை. மெழுகண்ணன் பின்னாலேயே போனார்.

வீட்டுக் கதவை மகன் திறந்தான். "என்னம்மா இது வேஷம்?" என்று சிரித்தான்.

மூட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் அவனைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.