வெட்கம் என்று நினைத்தேன்

போன தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்தினோம். தாலி கட்ட அப்பா கையைத் தூக்கியதும் அம்மா சட்டென்று குனிந்து, இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். "இந்த வயசுலயும் வெட்கத்தைப் பாருங்க!" என்று முதலில் சிரித்தவள் நான்தான். உறவுக்கூட்டமே சிரித்தது.

பிறகு அறையில் அம்மாவுக்குப் புடவை மாற்றிவிட்டேன். முதுகில் கன்றிப்போன தடங்கள். பழையவற்றின் மேலேயே புதியவை.

"அப்பாவா?" என்றேன்.

"கதவைச் சாத்துடி. உன் காதுல விழக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா சத்தமே போடாம இருந்தேன்" என்றார்.

என் சிரிப்பை நினைத்துக் கூசிப்போனேன்.

அன்றே அம்மாவைத் தஞ்சாவூரில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போதெல்லாம் அம்மாவின் பக்கத்தில் நின்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பா எடுப்பதானாலும், "அம்மா, கையைத் தூக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குகிறேன்.