என் செருப்போடு நடந்தவள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கதவுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள்... சும்மா சொன்னேன், முறைக்காதீர்கள். இன்று உங்களுக்கு ஒன்று சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் என்னைத் திட்டக் கூடாது.

இது நடந்தது. எனக்கு நடந்தது. நாலு எழுத்து நானாகக் கற்றுக்கொண்டவள் நான். ஜோடனை பண்ணிச் சொல்ல வராது. அதோடு, வேதப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். பகலெல்லாம் பொய் சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் தலை சாய்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கிறிஸ்துமஸ் என்றதும் உங்களுக்கு நட்சத்திர விளக்கு ஞாபகம் வரும், கேக் ஞாபகம் வரும். எனக்குக் கஞ்சி வாசனைதான் வரும். எங்கள் கோயில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பது என் வேலை. பெண்களுக்குத் தலையில் போடும் வெள்ளைத் துணியும் அதில் சேர்த்தி. ஆண்டவர் பிறந்த இடத்தில் ஒரு துணியும் இஸ்திரி போட்டதாக இருந்திருக்காது. இருந்தாலும் ஒரு சுருக்கம் விழுந்தால் எனக்கு மனசு ஆறாது. அதுவும் ஒரு ஜெபம்தான் என்று நினைத்துக்கொள்வேன். முழங்கால் போட்டுச் செய்தால்தான் ஜெபமா?

அங்கி அறை கோயிலுக்குப் பின்பக்கம் இருந்தது. நாலு படி கீழே இறங்க வேண்டும். தடித்த மரக் கதவு. உள்பக்கம் கொண்டி கிடையாது, வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். பிள்ளைகள் பாட்டுப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று யாரோ அப்படி மாற்றி வைத்திருந்தார்கள். கூரையை ஒட்டி ஒரு சின்னக் கம்பி ஜன்னல். அறை பள்ளத்தில் இருந்ததால் அதன் வழியாக வெளியே முற்றத்துத் தரை மட்டும் தெரியும். நடப்பவர்களின் கால் தெரியும். முகம் தெரியாது.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போயிருந்தார். சரக்குக்குப் பண்டிகை ஏது? அதனால் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. அதுவும் மூன்று போய், நாலாவதாகத் தங்கிய பிள்ளை. வாய் ஓயாது, அதனால் அவளுக்குச் சிட்டு என்று பேர். சிவப்பு ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைக் கழற்றவே மாட்டேன் என்று முந்தின நாள் அதோடுதான் தூங்கினாள்.

சாயங்காலம் பாடகர்கள் வந்து அவரவர் அங்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரே சிரிப்பும் கூத்தும்.

"அக்கா, என் அங்கி சுருங்கிப் போச்சு. தண்ணி மாத்திட்டீங்களா?" என்றார் கட்டைக்குரல்காரர்.

"அங்கி அப்படியேதான் இருக்கு. உங்க வீட்டம்மா சமையல்தான் மாறியிருக்கு."

"பாத்துப் பேசுங்கக்கா, அவ பின்னாடியே நிக்கிறா."

"நின்னா என்ன? கைநிறையப் போடறவளுக்குப் பரலோகத்துல தனி இடம்!"

எல்லாரும் போனார்கள். ஆறு மணி ஆராதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அன்று மட்டும் ஆறு அடிக்கும்போது மெயினை அணைத்துவிடுவார்கள். மொத்தக் கோயிலும் இருட்டு. ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு முற்றத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே உள்ளே போவோம்.

"சிட்டு, வெளிய இந்தப் பெஞ்ச்ல உக்காரு. இஸ்திரிப் பெட்டியை உள்ள வெச்சிட்டு வந்துடறேன். எழுந்திருக்கக் கூடாது."

"நீ வர்ற வரைக்குமா?"

"நான் வர்ற வரைக்கும்."

உள்ளே போனேன்.

கொக்கியில் ஒரு அங்கி தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருக்க வழியில்லை. யாராவது மறந்துவிட்டார்களோ என்று எடுத்துப் பார்த்தேன். கைகளை உள்பக்கமாக மடித்திருந்தது. அப்படி மடிப்பவள் நான் ஒருத்திதான். ஆனால் இதை நான் மடிக்கவில்லை. தோளில் வைத்து அளந்து பார்த்தேன். எனக்குத் தைத்தது போல இருந்தது. நான் பாடகி இல்லை. எனக்கு யாரும் அங்கி தைத்ததில்லை.

துணி வெதுவெதுப்பாக இருந்தது. இஸ்திரிச் சூடு இல்லை. அந்தச் சூடு எனக்குத் தெரியும். இது... இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி.

திரும்பக் கொக்கியில் மாட்டினேன். மூலைக்குப் போய்ப் பெட்டியை அலமாரிக்குள் தள்ளினேன். திரும்பினேன்.

கொக்கி வெறுமையாக இருந்தது.

கதவு மூடியிருந்தது.

டக்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.

"யாரு? உள்ள நான் இருக்கேன்!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வெளியே காவல்கார அண்ணனின் குரல் கேட்டது.

"உள்ள ஆள் இருக்காம்மா?"

ஒரு பெண் பதில் சொன்னாள்.

"இல்லண்ணே. எல்லாம் முடிச்சாச்சு. சாத்திட்டேன்."

கண்ணுகளா... அது என் குரல்.

என் மாதிரி குரல் இல்லை. என் குரல். வேலை முடிந்ததும் நான் தினமும் சொல்கிற அதே வார்த்தை, அதே இழுப்பு. என் கை என்னை அறியாமல் என் தொண்டைக்குப் போனது. நான் பேசவில்லை. என் உதடு அசையவில்லை.

அப்புறம் அந்தக் குரல் சொன்னது: "வா சிட்டு, போகலாம்."

"முடிஞ்சிடுச்சாம்மா?" என்றாள் என் மகள்.

"முடிஞ்சிடுச்சு."

கதவில் போய் விழுந்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். "அண்ணே! அண்ணே! திறங்க!" அந்த நேரம் பார்த்து ஆறு மணி அடித்தது. மேலே காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் முழங்கியது. பல்பு அணைந்தது.

இருட்டு.

அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மேலே பாட்டு தொடங்கியது. எத்தனை வாய், எத்தனை சந்தோஷம். என் மகளை யாரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் என் தலைக்கு மேலே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தடவித் தடவி இஸ்திரி மேசையைக் கண்டுபிடித்தேன். அதன்மேல் ஏறினேன். கம்பி ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

முற்றத்தில் மெழுகுவத்தி வெளிச்சம் ஆடியது. கால்கள் வந்தன. கறுப்பு ஷூக்கள். குதிகால் செருப்புகள். கட்டைக்குரல்காரரின் பெரிய பூட்ஸ். ஒவ்வொரு காலையும் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைசியில் சிவப்பு ஷூ வந்தது.

பக்கத்தில் வெள்ளை அங்கியின் கீழ்மடிப்பு. அதற்குக் கீழே இரண்டு கால். என் பழைய செருப்பு. வலது வார் அறுந்து, நீல நூலால் நானே தைத்திருந்தது. அந்த நீல நூலும் தெரிந்தது.

குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்தேன்.

செருப்பு என் காலில் இருந்தது. நூலும் இருந்தது.

"சிட்டு!"

சிவப்பு ஷூ நின்றது.

"சிட்டு! அம்மா இங்க இருக்கேன்டி! கீழ பாரு!"

ஷூவின் முனை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

வெள்ளை அங்கி குனிந்தது. ஒரு கை வந்தது. பிள்ளையின் கணுக்காலைப் பிடித்து, மெதுவாக... மறுபடி முன்பக்கம் திருப்பியது. என் கையில் இருக்கிற, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அந்தக் கையிலும் இருந்தது.

"பயப்படாதே," என்றது என் குரல். "அது காத்து."

சிவப்பு ஷூ போய்விட்டது.

மேசையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தரையில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து சொன்ன ஜெபம், ஒரு வரி வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. கிறிஸ்துமஸ் செய்தியில் தூதன் வருகிற இடத்திலெல்லாம் முதலில் பயப்படாதே என்றுதான் சொல்கிறான். எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், எத்தனை ஆறுதலாக இருந்தது! அன்றுதான் உறைத்தது. அதைச் சொல்ல வந்தவர்கள் யாரும் நம்மைப் போல மனுஷர் இல்லை.

"என் பிள்ளையை விட்டுடு," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டவரிடமா, அவளிடமா...

எழுந்தேன். மறுபடி கதவை அடித்தேன். உள்ளங்கை வீங்கும் வரை அடித்தேன்.

இடைவிடாமல் ஒவ்வொரு பாட்டாகப் போய், கடைசிப் பாட்டும் முடிந்தது.

ஆமென்.

பல்பு எரிந்தது.

ஓடுகிற காலடி. தாழ்ப்பாள் விலகியது. காவல்கார அண்ணன் நின்றார். என்னைப் பார்த்ததும் ஒரு படி பின்னால் போனார்.

"நீங்க... எப்படி? கொஞ்சம் முன்னாடிதானே பிள்ளையோட வாசலைத் தாண்டிப் போனீங்க? நான் 'கிறிஸ்துமஸ் வாழ்த்து'ன்னு சொன்னேனே..."

"எந்தப் பக்கம்ணே?"

"உங்க வீட்டுப் பக்கம்தான்."

ஓடினேன். வழியில் கொயர் மாஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "இந்த வருஷம் டிரம் யாருப்பா? கடைசிப் பாட்டுக்குப் பிரமாதம்!" எங்கள் கோயிலில் டிரம் கிடையாது, கண்ணுகளா. அது நான் கதவை அடித்தது.

இரண்டு தெரு. மூச்சு விடாமல் ஓடினேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது.

சிட்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது. முகம் கழுவியிருந்தது. பக்கத்தில் அந்த அங்கி, கைகளை உள்பக்கம் மடித்து.

அள்ளி அணைத்தேன். உச்சி முகர்ந்தேன். கஞ்சி வாசனை அடித்தது.

"எங்கடி அவ? உன்னைக் கூட்டிட்டு வந்தவ எங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

என்ன கேட்டும் சொல்லவில்லை. வாய் ஓயாத பிள்ளை...

அந்த அங்கியைப் போதகரிடம் கொடுத்தேன். கோயில் அங்கி ஒன்றும் குறையவில்லை, இது நம்முடையது இல்லை என்றார். ஜெபம் பண்ணினார். எரித்தோம். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. யாரும் வரவில்லை. பிள்ளை உயிரோடு எனக்குக் கிடைத்தாள். அதற்கு நான் இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிட்டு வளர்ந்தாள். படித்தாள். கல்யாணம் ஆனது. என்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் என்றால் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒன்று. அந்தச் சாயங்காலத்திலிருந்து அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. "இந்தாங்க" என்பாள். "கேட்டீங்களா" என்பாள். அப்பாவை மட்டும் வாய் நிறைய அப்பா என்பாள். பயந்த பிள்ளை, சரியாகிவிடும் என்று விட்டேன். வருஷங்கள் போயின. அப்புறம் கேட்கவே பயமாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கும். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டா என்ன?"

அவள் குழாயை மூடினாள்.

"அன்னைக்கு வாசல்ல வெச்சு அவங்க என் காதுல சொன்னாங்க. 'பின்னாடியே ஒருத்தி ஓடி வருவா. என்னை மாதிரியே இருப்பா. அழுவா. அவ சொல்றபடி கேளு, சமத்தா இரு. ஆனா அம்மான்னு மட்டும் கூப்பிட்டுடாதே. கூப்பிட்டேன்னா நான் திரும்பி வர முடியாது.'"

என் கையில் இருந்த தட்டு நழுவியது. அவள்தான் பிடித்தாள்.

"அப்போ நான் யாருன்னுடி நினைச்சே, இத்தனை வருஷமா?"

பிடித்த தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"தெரியலை," என்றாள். "ஆனா என்னை நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

அப்புறம், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "என் வீட்டு வாசல் விளக்கை ராத்திரியில நான் அணைக்கிறதே இல்லையே, ஏன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலை."

அவ்வளவுதான், கண்ணுகளா. எனக்கு அதற்குமேல் தெரியாது. கட்டிலில் கிடந்த அந்த அங்கி யாருடையது, அதைப் போட்டிருந்தவள் எங்கே போனாள், எதற்கு வந்தாள்... தெரியாது. நான் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்குச் சாட்சி இல்லை.

நேரமாயிற்று, எழுந்திருங்கள். சேர்ந்தே போங்கள், பேசிக்கொண்டே போங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டு நிலைப்படியைக் காக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களை வாய் நிறைய அம்மா என்றும் அப்பா என்றும் கூப்பிடட்டும். காலையில் உங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் யாரோ, சாயங்காலம் அவர்களே திரும்பி வரட்டும்.