புல் எண்ண ஊன்றிய குச்சிகள்

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, புல்வெளியில் எந்தச் செடி எத்தனை இருக்கிறதென்று எண்ண எங்களைக் கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். சரிவில் சதுரம் சதுரமாகக் குச்சி ஊன்றினோம். மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை. பிடுங்கிய குச்சிகளை யாரோ பூண்டுக் கட்டுபோல் கட்டி, நாங்கள் தங்கிய கொட்டகை வாசலில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆளைப் பிடித்தோம். கறுப்புக் கம்பளி போர்த்திய பூண்டு விவசாயி. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் நோட்டையே பார்த்தார்.

“புல்லை எண்ணவா மதுரையிலருந்து வந்தீங்க?”

“ஆமாங்க, படிப்புக்காக.”

“எண்ணி யார்கிட்ட குடுப்பீங்க?”

“எங்க புரொபசர்கிட்ட.”

“அவரு யார்கிட்ட குடுப்பாரு?”

நான் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

“குச்சி ஊண்டுனவங்க சும்மா போயி நான் பார்த்ததில்லைங்க. இது எங்க மாடு மேயுற எடம்” என்றார்.

என்ன சந்தேகப் புத்தி என்று சிரித்தோம். அவர் சந்தைக்குப் போன நாளில் மீண்டும் ஊன்றி எண்ணி முடித்தோம்.

அடுத்த ஆண்டு போனபோது அந்தச் சரிவில் வனத்துறையினர் மாடு நுழையாதபடி கம்பிவேலி போட்டு, தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரக்கன்றுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். எங்கள் நோட்டுக்கும் அந்த வேலிக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று அவர் வீட்டு வழியைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனேன்.