தையல்நாயகி வாசலை விட்டு இறங்காத கதை

மரக்காணத்தில் உப்பு வாரிப் பிழைத்த சக்கரபாணியின் பெண்சாதி தையல்நாயகி. அவள் குடியிருக்கிற ஓட்டுவீடு, சக்கரபாணிக்குத் தாய்மாமன் மகனும் தையல்நாயகிக்கு அண்ணன் முறையுமான அரசப்பன் விற்றது. தொண்ணூற்றெட்டில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அரசப்பன் திண்டிவனம் போய்விட்டார். கிரயப் பத்திரம் மட்டும் பதியவில்லை. "மச்சானைப் போய் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இழுத்தா, நம்பலைன்னு ஆயிடும்டி" என்று சொல்லியே சக்கரபாணி காலத்தை ஓட்டினான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடத்தில் அப்படித்தான், வாய் வராது. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

அரசப்பன் மகன் மோகன் வந்து நின்றான். "பத்திரம் எங்கப்பா பேர்லதான் இருக்குது அத்தை. காலி பண்ணுங்க." கேசும் போட்டான்.

வக்கீல் விஜயலட்சுமி தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது வீட்டை உங்க பேருக்கு மாத்தாதும்மா. ஆனா உங்களை வெளிய தள்ளவும் விடாது. ரெண்டாயிரத்து ஒண்ணுல சட்டம் மாறுறதுக்கு முந்தி எழுதினது, பதியலைன்னாலும் நிக்கும். பணம் கொடுத்து உள்ள குடியிருக்கீங்களே, அதுதான் உங்க பிடி. யாரு கேட்டாலும் வாசலை விட்டு இறங்கிடாதீங்க, வேற யாரையும் உள்ள தங்க விட்டுடாதீங்க."

கேஸ் நடக்கும்போதே மோகனின் அம்மா பாக்கியலட்சுமி செத்துப்போனாள். விடிந்ததும் வேனில் பிணத்தோடு வந்தான் மோகன்.

"அம்மா வாழ வந்த வீடு அத்தை. இங்கேருந்துதான் போவணும்னு சொல்லிட்டுச் செத்துச்சு. சாவியைக் கொடுத்துட்டு நாலு நாள் பொண்ணு வீட்டுல இருங்க."

தையல்நாயகி வழியை விட்டு ஒதுங்கினாள். "சாவி எதுக்குடா? கதவு தொறந்துதான் கெடக்குது. அண்ணியைத் தூக்கியா."

கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "பொணத்துக்கிட்ட கைநாட்டு வாங்கப் பாக்குறா போல" என்றாள் மோகன் பெண்சாதி யுவராணி. சிலர் சிரித்தார்கள். தூக்கும்போது பெண்கள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போனார்கள். தையல்நாயகி மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய மோகன், பிணம் கிடந்த இடத்தில் வைக்கிற விளக்கோடு உள்ளே வந்தான். "கருமாதி வரைக்கும் இது அணையக் கூடாது. நாங்க இங்கதான் தங்கணும்."

தையல்நாயகி விளக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நான் பாத்துக்கறேன். தினம் வந்து கும்பிட்டுட்டுப் போ. படுக்கப் பாயி மட்டும் போடாத."

"பெத்த புள்ள நான் இருக்கசொல்ல நீ யாரு?"

"உங்கம்மாவுக்கு நாத்தனாருடா. அந்த முறை மாறிடுச்சா?"

மோகன் வேனில் ஏறிவிட்டான். கருமாதியைத் திண்டிவனத்திலேயே செய்தான், சொல்லி அனுப்பவில்லை. அவள் ஒருத்தியாகவே எண்ணெய் ஊற்றி விளக்கைக் காத்தாள்.

அவளை வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். மோகன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணி போட்டோவை ஒரு தடவை கும்பிட்டுட்டுப் போயிடறேன்" என்றாள். உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். வெயில் ஏறும்வரை நின்றாள். வா என்று யாரும் சொல்லவில்லை.