மரம் சுருங்கவில்லை

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கீர்த்தனாவிடமிருந்து அழைப்பு வந்தது. நாச்சிமுத்து அண்ணனின் மகள். இங்கே அமெரிக்காவில் பிறந்தவள், தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று தமிழிலேயே, "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். இருந்தும் சாப்பிடாமலே டப்பாவை மூடிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

ஃபிரிஸ்கோ வட்டாரத்தில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பொங்கல் விழாவுக்குத் தன் வண்டியில் கரும்புக்கட்டு ஏற்றிவருவாரே, அவர்தான். ஆனால் அவருடைய கராஜுக்குள் போனவர்கள் குறைவு. சாஃப்ட்வேர் வேலை போக மீதி நேரமெல்லாம் அங்கே ரிவால்வர்களுக்கு மரப்பிடி செய்தார். டெக்சாஸில் துப்பாக்கிக்குப் பஞ்சமா? கம்பெனிப் பிடி கைக்கு ஒத்துவராதவர்கள், காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பி வைப்பார்கள். அந்தக் கோட்டின் மேலேயே அண்ணன் தன் பென்சிலை நாலைந்து தடவை ஓட்டுவார். அப்போதுதான் அந்தக் கை தனக்குப் பிடிபடும் என்பார். பிறகு வால்நட் மரத்தை எடுத்து, அரமும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவார். பொருத்திப் பார்க்க வைத்திருந்தது சுடவே முடியாத வெறும் இரும்புச் சட்டம் ஒன்று. இத்தனைக்கும் கோழி அறுக்கும் இடத்தில்கூட நிற்க மாட்டார் மனிதர். "உங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்று கேட்டால், "துப்பாக்கி கம்பெனிக்காரன் பாடுங்க. எனக்குக் கை மட்டுந்தானுங்க" என்பார்.

ஒருமுறை ஆயுதபூஜை அன்று, அனுப்பத் தயாராக இருந்த பிடிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். துடைக்க மறந்து பார்சலும் போய்விட்டது. ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் போன் செய்து, பிடியில் ரத்தம் இருக்கிறதே என்று பதறினார். அண்ணன் அரை மணி நேரம் பூஜையை விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அந்த ஆள், "தண்ணீரில் கழுவினால் போகுமா?" என்று மட்டும் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.

தன் கைக்கென்றும் ஒரு பிடி செய்து வைத்திருந்தார். தினமும் வேலையைத் தொடங்குமுன் அதை ஒருமுறை அழுத்திப் பிடிப்பார். போன வருடத்துக்கு முந்தைய வருடம், இலையுதிர் காலத்தில் அது திடீரென்று தொளதொளவென்று இருந்தது. "மரம் சுருங்கிப்போச்சுங்க, ஏசி காத்து" என்றார். எண்ணெய் போட்டார். கொஞ்சம் தடிமனாக இன்னொன்று செய்தார். அதுவும் சில வாரங்களில் தளர்ந்தது. மூன்றாவதும் செய்து, மரம் விற்ற கடைக்காரனைக் கண்டபடி திட்டினார். முகம் தெரியாதவர்களின் கையைக் காகிதத்திலேயே படித்த மனிதருக்கு, தன் கைமேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் வந்தது. கோயில் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் மனைவி ருக்மணி அக்கா பிரசாத வரிசையில் நின்றிருந்தார். அண்ணன் வலது கையை என் தட்டின் பக்கம் நீட்டினார்.

"டாக்டர், இந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்துல பள்ளமாட்டம் தெரியுதுங்க. பிடியும் நிக்க மாட்டேங்குது."

ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. பார்த்தேன்; சத்தியமாகப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லண்ணா, கார்ப்பல் டனல். மணிக்கட்டுல நரம்பு அழுந்துது. அரம் போட்டுப் போட்டு வந்தது. ஸ்ப்ளின்ட் வாங்கி மணிக்கட்டுல கட்டிக்கங்க" என்றேன். அதோடு ஊறுகாய் வாங்கப் போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவர் கையிலிருந்து ஸ்பூன் விழத் தொடங்கியபிறகுதான், அக்கா அவரை நரம்பு மருத்துவரிடம் இழுத்துப்போனார். ஏ.எல்.எஸ். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, தசையெல்லாம் கரைந்துபோகும் நோய். மருந்தால் மாறாது. முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாலும் உயிர் மிஞ்சியிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் என் நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த எட்டு மாதமும் அவருக்குக் கை இருந்தது. அதில் அவர் யார் யாருக்கோ பிடி செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

ருக்மணி அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். காய் நறுக்கும் கத்தியைப் பிடிக்கவே வலிக்கும். "ஊருக்கெல்லாம் பண்றீங்களே, என் கத்திக்கும் ஒரு பிடி போட்டுக் குடுங்களேன்" என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கென்ன அவசரம், வீட்லதான இருக்கற, எப்ப வேணாலும் பண்ணலாம்" என்பது அண்ணனின் பதில். நோய் தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது காகிதமும் பென்சிலும்தான். நான் அங்கே இருந்தேன். அக்கா கையை விரித்து வைத்தார். அண்ணன் கட்டைவிரலில் ஆரம்பித்தார். பென்சில் மோதிர விரலைத் தாண்டவில்லை. விழுந்ததை எடுத்துக் கொடுத்தோம், மறுபடி விழுந்தது. "நான் வரையட்டுமாண்ணா?" என்றேன். "நீங்க வரைஞ்சா நீங்கதானுங்க பிடியும் செய்யணும்" என்று சிரித்தார். அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று அண்ணன் வாசல்வரை என்னோடு வந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "கோயில்ல நீங்க பார்த்தது அவளுக்குத் தெரியாதுங்க. தெரியவும் வேண்டாம். அப்புறம் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. எனக்கு ஒண்ணுன்னா அவளுக்கு இந்த ஊர்ல நீங்கதானுங்களே இருக்கீங்க." எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் காருக்குள் போய் அழுதேன்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் கலைந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா எனக்கு அந்தப் பிடியப் பண்ணிக் குடுத்திருப்பேன்னு சொல்லிட்டே இருந்தாருங்க தம்பி. நாம என்ன பண்றது, தெரிய வழியில்லாமப் போச்சு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இரங்கல் எழுதுபவர்கள் கடைசியில், போனவரிடமிருந்து தனக்கு மிஞ்சியது இன்னதென்று சொல்வார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அண்ணன் எனக்காக மூடிவைத்துவிட்டுப் போன அந்த ஒரு விஷயம்தான். அதை வைத்துக்கொண்டு, அக்கா, உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் போட்டுத் தரும் காபியைக் குடிக்க என்னால் முடியவில்லை.

ருக்மணி அக்கா, தெரிய வழி இருந்தது. அவர் முதலில் என்னிடம்தான் கையைக் காட்டினார்.