சிவப்பு நட்சத்திரத்துக்கு வால் முளைத்த கதை

காகித நட்சத்திரம் செய்கிற தொழிலில் கத்தரி கையைக் கிழிப்பது குறைவு. நெஞ்சு திக்கென்று நிற்பதுதான் அதிகம். பண்டிகைக்கு முன்னால் மாதக்கணக்கில் எதையாவது மடித்து, ஒட்டி, கோர்த்து, கடைசியில் "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களிடம் மாட்டிக்கொண்ட எல்லோரும் எனக்குச் சொந்தம். இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் கடை திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் இருந்தது. முன்பக்கம் என் வீட்டுக்காரர் நோட்டு, பேனா, ரிப்பன் விற்பார். அவருக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்குப் பின்னால் நான். அதிராம்பட்டினத்தில் மீலாது ஊர்வலத்துக்குப் பிறையும் நட்சத்திரமும் மடித்துப் பழகிய கை, இங்கே வாக்கப்பட்டு வந்த பிறகு கிறிஸ்துமஸுக்கும் மடித்தது. வாங்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. தட்டியைப் பார்த்தே பேசுவார்கள், தட்டியோடுதான் சண்டையும் போடுவார்கள்.

என்ன நட்சத்திரம்?

மழை விட்டிருந்த ஒரு காலை. வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். "நட்சத்திரம் இங்கதானுங்களே?" என்று வெளியே ஒரு குரல். தட்டி இடுக்கில் பார்த்தேன். குடையும் கையுமாக ஒரு விவசாயி. "இங்கதாங்க. உங்களுக்கு என்ன நட்சத்திரம்?" என்றேன். பெரியதா சின்னதா என்று கேட்பதாக எனக்கு நினைப்பு. அவர் குடையை மடக்கிவிட்டுப் பணிவாக, "விசாகம்ங்க" என்றார்.

நான் அப்போது பசைக் கிண்ணத்துக்குள் கையை விட்டிருந்தேன். விசாகம் என்பது கும்பகோணத்துக் கடைகளில் புதிதாக வந்திருக்கும் ஏதோ காகிதத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "விசாகம் இந்தத் தடவை முடிஞ்சுபோச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். எட்டிப் பார்த்தால், மனிதர் கடைப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டிக்குப் பின்னால் ஒரு அம்மா நட்சத்திரம் பார்த்துச் சொல்கிறாள் என்று எவனோ அவரிடம் கதைகட்டியிருக்கிறான். விசாகம் அவருடைய மகளின் நட்சத்திரமாம். இது வெறும் காகிதக் கடை என்று நான் ஆணையிட்டுச் சொல்லியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"காகிதமோ என்னமோ, எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போயிடுறேன்."

விண்மீன்

அந்தக் காலத்தில் ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் தமிழ் வழிந்தது. எங்கள் தெருப் படிப்பகத்து இளைஞர் ஒருவர் வந்து, "நட்சத்திரம் வடசொல்லுங்க. விண்மீன்னு மாத்துங்க" என்றார். பெயிண்டும் பிரஷும் கையோடு கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. 'விண்மீன் அங்காடி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பக்கத்துப் பழக்கடைக்காரர் வெயிலுக்குச் சாக்குப் படுதா கட்டியபோது 'விண்' அதற்குப் பின்னால் போய்விட்டது. அது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் ஓலைக்கூடையோடு வந்த ஒரு அம்மா, "சீலா இருக்கா, இல்ல மத்திதானா?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடற்கரை ஊரை விட்டு வந்தும் மீன் என்னை விடவில்லையே என்று பதறிப்போய், காகிதம்தான் இருக்கிறது என்றேன். அந்த அம்மா கடைக்குள் எட்டிப் பார்த்து மோந்து பார்த்தார். என் மைதாப் பசை கொஞ்சம் புளித்துப் போயிருந்தது உண்மைதான்.

"மீனு இல்லாட்டிப் போவுது, வாடை அடிக்குதே, கருவாடாச்சும் எடுத்துக் குடுங்க."

சிவப்பு மூட்டை

அந்த வருஷம் கூலித் தகராறு முற்றியிருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு வயலில் செங்கொடி நட்டால் அந்த வரப்பில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். சிவப்பாக ஒரு துண்டு காய்ந்தால்கூட மிராசுதார்கள் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். அப்படிப்பட்ட கார்த்திகையில் காகிதம் வாங்கக் கும்பகோணம் போன என் வீட்டுக்காரர், ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தேன். மேலே சிவப்பு, நடுவில் சிவப்பு, அடியிலும் சிவப்பு. ஏதோ மாநாடு தள்ளிப்போய்விட்டதாம், தோரணத்துக்கு வைத்திருந்த தாள் சல்லிசாகக் கிடைத்ததாம். "கிறிஸ்துமஸுக்கு வெள்ளை, மஞ்சள் கேப்பாங்களே" என்றேன். "பச்சப்புள்ளையிலேருந்து எல்லாருக்கும் சிவப்புதாம் புடிக்கும்" என்றார். தாளை மிச்சம் பிடிக்க இன்னொரு யோசனையும் வைத்திருந்தார். வழக்கமாக நட்சத்திரத்துக்குக் கீழே குஞ்சம் போல ஒட்டுகிற நீள வால் இந்த வருஷம் கிடையாது.

ஐந்து மூலைச் சிவப்பு நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போயின. கடைசியில் வந்தவள் அந்தோணியம்மாள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய பண்ணையில் நடவு நடுகிறவள். அவள் குடிசை நின்ற இடமும் பண்ணைக்குச் சொந்தம். அவர்கள் முகம் சுளித்தால் அன்றைக்கே கீற்றைப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறக்கிற வீட்டில் நட்சத்திரம் தொங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வால் எங்கே என்று கேட்டாள். என் வீட்டுக்காரரின் சிக்கனத்தைச் சொல்லி, வேண்டுமானால் ஒட்டித் தருகிறேன் என்றேன். அவள் பெரிய மனசோடு கையை ஆட்டினாள்.

"வாலு இல்லாட்டி என்னா பாயம்மா, எங்க வூட்டையெல்லாம் எவரு அண்ணாந்து பாக்கப் போறாவோ?"

தட்டிக்கு முன்னால்

பார்த்துவிட்டார்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் காலை, ஒரு வில்வண்டி கடை வாசலில் நின்றது. இறங்கியவர் அந்தப் பண்ணையின் ஏஜெண்டு. அவருக்குப் பின்னால் கம்போடு இரண்டு ஆட்கள். ஏஜெண்டு கையில் அந்தோணியம்மாளின் நட்சத்திரம், மூங்கிலிலிருந்து பிடுங்கப்பட்டு, ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. அதை மேஜைமேல் எறிந்தார். "சிவப்பு. அஞ்சு மூலை. மூங்கில்ல கட்டிப் பறக்க விட்டுருக்கா. எங்க மனையிலயே எங்களுக்குக் கொடி காட்டுறாளா? யாரு பாய் இத செஞ்சு குடுக்கச் சொன்னது, சங்கமா?" வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த அந்தோணியம்மாள், "சாமி சத்தியமா அது ஏசு பொறந்த நட்சத்திரம்ங்க, எம்மவ நெறமாசமா கெடக்கா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளாவே உனக்கு வால் நீண்டுக்கிட்டு வருது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வூட்டைப் பிரிச்சாவணும். வாலை ஒட்ட நறுக்குறேன் பாரு" என்றார்.

வால் என்ற சொல் தட்டியைத் தாண்டி என் காதில் விழுந்தது. கத்தரி அதன் பாட்டுக்கு ஒரு நீளத் தாளை வெட்டிவிட்டது. விசிறி மாதிரி மடித்து, நுனியில் பசையைத் தடவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டிக்கு வெளியே வந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஏஜெண்டு திடுக்கிட்டுப் படியில் ஒரு கால் இறங்கிவிட்டார். நான் யாரையும் பார்க்காமல் மேஜைமேல் கிடந்த நட்சத்திரத்தை எடுத்து வாலை ஒட்டினேன். "இது வால் நட்சத்திரம்ங்க. கொடியில உள்ளதுக்கு வால் இருக்காது. இதுக்கு இருந்துச்சு. நீங்க பிடுங்குனப்ப அறுந்து வுழுந்துருக்கும்" என்றேன். பச்சைப் பொய். கம்பு வைத்திருந்த ஆள் ஒருவன், "ஆமாங்க, கோயில்ல தொங்குறதுக்கும் வால் இருக்குங்க" என்று மெல்லச் சொன்னான். ஏஜெண்டு நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்தார். வாலை இழுத்துப் பார்த்தார். பசை காயாத வால் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறி உதறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தோணியம்மாளிடம் நீட்டினார்.

"வாலோட தொங்குனா பண்டிகை, வால் இல்லாம தொங்குனா சங்கம், ஆமா, சொல்லிட்டேன்."

வால் வைத்தியம்

ஏஜெண்டு சொன்ன அந்தச் சொல் ஊர் ஊராகப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் கடை வாசலில் கூட்டம். அத்தனை பேர் கையிலும் நான் மடித்த சிவப்பு நட்சத்திரம். எல்லோருக்கும் வால் வேண்டும், உடனே வேண்டும். சிக்கனம் பார்த்த மனிதர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்க விறுவிறுக்க வால் வெட்டினார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். சங்கத்துக் கிளைச் செயலாளர். துண்டுக்குள்ளிருந்து ஒரு தகர நட்சத்திரத்தை எடுத்தார். சங்கக் கொட்டகை வாசலில் வருஷமெல்லாம் தொங்குகிற அசல் நட்சத்திரம். எனக்கு மறுபடியும் திக்கென்றது. இன்னொரு வில்வண்டியைத் தாங்க இந்தக் கடைக்குத் தெம்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்கும் ஒண்ணு ஒட்டிக் குடுங்க பாயம்மா, ஏஜெண்டு இந்தப் பக்கம் வர்றப்ப மட்டும் மாட்டிக்கிடுறோம்."

நீளம்

அன்று பொழுது சாய்ந்தது. குடிசை பிரியவில்லை. அந்தக் குடிசைக்குள்தான் பேரன் பிறந்தான். ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு முழக் காகிதத்தை நம்பி ஒரு குடும்பம் எத்தனை பண்டிகை தள்ள முடியும்? அடுத்த வருஷம் நான் ஒட்டிய வால் காற்றில் உண்மையாகவே அறுந்து விழுந்தால் என்ன ஆகும்? மடிக்கும்போதெல்லாம் இந்த நினைப்புதான்.

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. பண்ணை இடத்தில் குடியிருக்கிறவனுக்கே அந்த மனை சொந்தம் என்றார்கள். வானொலியில் சொன்னதை நான் நம்பவில்லை. வெயில் கொளுத்துகிற ஒரு சித்திரை நாளில் அந்தோணியம்மாள் இடுப்பில் பேரனோடு கடைக்கு வந்தபோது, குடிசை போய்விட்டது, அழத்தான் வருகிறாள் என்றே நினைத்தேன். அவள் தட்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். மனைக்குப் பட்டா வந்துவிட்டது என்றாள். ஒரு நட்சத்திரம் வேண்டும் என்றாள். பண்டிகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றாள். என்ன நிறம் என்று கேட்கவில்லை, சிவப்பை எடுத்தேன். ஐந்து மூலையையும் மடித்து, நகத்தால் நீவி, ஒட்டிக் காட்டினேன். "இனிமே இதுக்கு வாலு எதுக்கு? அப்படியே தொங்கட்டும்" என்று நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வால் ஒட்டச் சொன்னாள். ஒரு முழம் வெட்டினேன். போதாது என்றாள். இன்னொரு தாளை இணைத்தேன். அதுவும் போதாது என்றாள். வால் என் மடியிலிருந்து இறங்கித் தரையில் ஓட ஆரம்பித்தது. பேரன் அதன் நுனியைப் பிடித்து இழுத்தான். என்னடி இது என்று நான் வாய் பிளந்து பார்க்க, அவள் சிரிக்காமல் சொன்னாள்.

"இன்னும் நீட்டுங்க பாயம்மா, ஒட்ட நறுக்குறேன்னு சொன்னவுரு இப்ப எங்க மனைக்கு வந்து நறுக்கட்டும், பாப்போம்."

ஆகவே, என்னைப் போல காகிதத்தோடு மாரடிக்கிறவர்களே, மூலைகளை நீங்கள் அளந்து மடித்துக்கொள்ளுங்கள், வாலின் நீளத்தை மட்டும் வாங்குகிறவர் வாயிலிருந்தே கேட்டுவிடுங்கள்.