சந்தனா ஸ்டீமருக்கு அடுப்பு மூட்டினோம்

வெள்ளிக்கிழமை, பகல்

கரக்பூர் தாண்டியதும் ஹௌரா வந்துவிட்ட மாதிரி பெட்டியில் எல்லாரும் படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். வண்டிக்கு அந்த அவசரம் இல்லை. சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடி வந்த மெயில், கடைசி ஏழெட்டு கிலோமீட்டருக்கு நின்று நின்று என் உயிரை வாங்கியது. சாந்த்ராகாச்சி யார்டு ஜன்னலில் தெரிகிறது, அண்ணன் வீடு அதற்குப் பின்னால்தான், ஆனால் மெயில் அங்கே நிற்காது. ஹௌரா போய், லோக்கல் பிடித்துத் திரும்பி வர வேண்டும். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துக்கொண்டு பொன்மலையிலிருந்து கிளம்பி வந்திருந்தேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. கல்கத்தாவைப் பார்க்க வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னை வரவழைத்தது அண்ணி. அண்ணன் ராஜாமணி யார்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கலாம் அல்லவா? பக்கத்து வீட்டு கங்குலிதா என்ற சரித்திரப் பேராசிரியரோடும் ரயில்வே சிநேகிதர்கள் சிலரோடும் சேர்ந்து, கல்கத்தாத் துறைமுகப் பக்கம் கிடர்பூரில் கிடந்த ஒரு பழைய பயணி ஸ்டீமரைச் சரி செய்ய இறங்கிவிட்டார். மூன்று வருஷமாக ஞாயிறு தோறும் அதே வேலை. இப்போது துறைமுகத்தார் கெடு வைத்துவிட்டார்கள். கப்பல்களைச் சோதிக்கும் அரசாங்க சர்வேயர் சனிக்கிழமை மாலை வருவார். அவர் கண் முன்னால் கொதிகலனில் நீராவி எழுந்து அவர் கையெழுத்துப் போட்டால் ஸ்டீமர் பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரனுக்குப் போய்விடும்.

வீட்டு வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கரக்பூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசும்போது வங்காளமும் கூடவே வந்து உட்காரும். "ஓரே பாபா, வந்தியா பாப்பா! உங்க அண்ணன் ராத்திரி தூக்கத்துல 'ஸ்டீம் எவ்ளோ, ஸ்டீம் எவ்ளோ'ன்னு கேக்கறாரு. எனக்கு பயமா இருக்கு. அது வெடிச்சுட்டா?"

சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. "யார்டுல எஞ்சின் எஞ்சினா வெட்டி எடைக்குப் போட்டப்ப நின்னு பாத்தேன் பாப்பா. இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது" என்றார். "முதல்ல சாப்பிடுங்கண்ணே" என்றேன்.

சனிக்கிழமை

விடியும் முன்பே அண்ணன் போய்விட்டார். அண்ணியும் நானும் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு பின்னால் போனோம். ஹௌராவிலிருந்து எதிர்க்கரையில் சாந்த்பால் படித்துறைக்குப் படகு, பதினைந்து பைசா. அங்கிருந்து கொஞ்சம் நடந்து கிடர்பூர் டிராம். மைதானத்தில் பனி விலகவில்லை. டிராம் அதற்குள் ஊர்ந்து போன வேகத்துக்கு நான் இறங்கித் தள்ளியிருப்பேன். கிடர்பூரில் இறங்கினால் லாரியும் கைவண்டியும் மூட்டையும்! அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்.

மரப்பாலத்தின் முனையில் சந்தனா கட்டிக் கிடந்தது. அதுதான் ஸ்டீமரின் பெயர். இரண்டு அடுக்கு, தட்டையான அடிப்பாகம், இரண்டு விலாவிலும் வீட்டு உயரத்துக்குத் துடுப்புச் சக்கரங்கள். பிரிவினைக்கு முன், இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட குல்னா, பரிசால் என்று ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனதாம். பச்சை வர்ணம் இன்னும் காயவில்லை, என் புடவையில் ஒட்டிக்கொண்டது. புகைபோக்கியிலிருந்து புகை வந்தது.

கொதிகலன் அறைக்கு இரும்பு ஏணி. கீழே அண்ணனும் இரண்டு ரயில்வேக்காரர்களும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீமரில் வேலை பார்த்த பழைய டிரைவர்கள் பிரிவினையில் எங்கெங்கோ போய்விட்டதால் நெருப்பு விஷயம் முழுக்க ரயில் எஞ்சின்காரர்கள் கையில். விடிகாலையில் மூட்டினால் மதியத்துக்குள் ஸ்டீம் என்பது அவர்கள் கணக்கு. ஆயுசு முழுக்க எஞ்சினில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"முள்ளப் பாரு, ஏறுது!" என்றார் அண்ணன், நீராவியின் அழுத்தம் காட்டும் கருவியைச் சுட்டி. முகத்தில் சிரிப்பு. மேல்தகடு தொட முடியாமல் கொதித்தது.

சோற்றுத் தூக்கை வைக்கக் குனிந்தேன். தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். தூக்கு ஒழுகுகிறதோ என்று பார்த்தேன், இல்லை. கொதிகலனின் வயிற்றுக்கடியில், ஆணி அடித்த வரிசையிலிருந்து தண்ணீர் கசிந்தது. எழுந்திருக்க அந்த வயிற்றிலேயே கையை ஊன்றினேன். சில்லென்று இருந்தது.

"என்னண்ணே இது, மேல கொதிக்குது, அடியில பச்சத் தண்ணியா இருக்கு!" என்று சிரித்தேன். கேலிக்குத்தான் சொன்னேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

அடுப்பில் வைத்த பானைக்கு அடியில் நெருப்பு. இந்தக் கொதிகலனுக்கோ நெருப்பு வயிற்றுக்குள்ளே, குழாயில் எரிகிறது. குழாய்க்கு மேலே உள்ள தண்ணீர் கொதித்துவிடும். கீழே உள்ளது அப்படியே குளிர்ந்து கிடக்கும். மேல்தகடு விரிய, அடித்தகடு விரியாமல் நிற்க, நடுவில் ஆணிகள் இழுபடும். ரயில் எஞ்சினில் நெருப்புப் பெட்டியைச் சுற்றிலும் தண்ணீர் புரளும் என்பதால் அவசரப்படுத்தலாம், இதை ஒரு பகலும் ஓர் இரவும் சின்ன நெருப்பில் பதமாகச் சூடாக்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் அண்ணன் அப்போதுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நாங்கள் கேட்டோம்.

"கரி போடாதீங்க" என்றார் ஆட்களிடம். "நெருப்ப எறக்குங்க."

கங்குலிதா ஏணியில் பாதி இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்தினார். நீளமாக, மூச்சு விடாமல், கையை ஆட்டிக் கத்தினார். அண்ணி என் காதில் மொழிபெயர்த்தார்: "கொஞ்சம் வருத்தமா இருக்காராம்."

"அண்ணி, உள்ளதச் சொல்லுங்க."

"நாலு சொட்டுத் தண்ணிக்கு யாராவது நெருப்ப எறக்குவாங்களான்னு கேக்கறாரு. சர்வேயர் முள்ளத்தானே பாப்பாரு, ஒரு மணி நேரம் தாங்கினா போதுமாம். திங்கட்கிழமை இது இரும்புக் கடையில இருந்தா அதுக்கு உங்க அண்ணன்தான் காரணமாம்."

அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார். வங்காளத்தில்தான் சொன்னார், எனக்கே புரிந்துவிட்டது. மேலே ஜனங்கள் உட்காருவார்கள் என்றார். கங்குலிதா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சர்வேயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மஃப்ளர். முள் இறங்கிக் கிடப்பதைப் பார்த்தார். நான் தூக்கைக் கழுவினேன், கழுவியதையே கழுவினேன். "இன்னிக்கு ஆகாது சார்" என்று அண்ணன் சொன்னதும், காரணம் சொன்னதும் என் காதில் விழுந்தன. சர்வேயர் மஃப்ளரை அவிழ்த்துவிட்டுத் தானே குனிந்து கசிவைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு அண்ணி? சொல்லித் தொலைங்களேன்!"

"ஒரே காலையில ஸ்டீம் ஏத்திக் காட்டியிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாராம். நாளைக்கு லீவு நாள்தான், ஆனா பஜாருக்கு மீன் வாங்க வருவாராம். அப்படியே இங்கயும் வந்து பாக்கறாராம். ராத்திரி பூரா சின்ன நெருப்பு வைக்கச் சொல்றாரு."

ஞாயிற்றுக்கிழமை

எனக்கு அன்று மாலையே மெயில். பெட்டியோடு வந்துவிட்டேன். அண்ணனும் கங்குலிதாவும் ஸ்டீமரிலேயே இருந்து மாற்றி மாற்றி நெருப்பைக் காத்திருந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தன. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே குவளையில் டீ குடித்தார்கள்.

நான் நேராகக் கீழே இறங்கி வயிற்றைத் தொட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. கசிவு நின்றிருந்தது. "இனிமே சொட்டினா நான் ஊருக்குப் போறதில்ல" என்று அதனிடமே சொன்னேன்.

சர்வேயர் பையோடு வந்தார், பைக்கு வெளியே மீன் வால். அதை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு முள்ளருகே நின்றார். முள் மெல்ல மெல்லத்தான் ஏறியது. மேல்தளத்தில் கிடர்பூர் ஜனம் யாரும் கூப்பிடாமலே ஏறி பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் வேர்க்கடலை உரித்தார். மூட்டையோடு ஒரு கிழவர், ஸ்டீமர் எப்போது பரிசால் போய்ச் சேரும் என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

கையெழுத்து ஆயிற்று. கூடவே ஒரு நிபந்தனை. அடித்தகட்டை மாற்றும் வரை ஸ்டீமர் கரையை விட்டு நகரக் கூடாது. நீராவி எழுப்பலாம், கட்டிய கயிற்றோடு சக்கரத்தைச் சுற்றலாம், அவ்வளவுதான். கங்குலிதாவின் தோள் தொங்கியது. சர்வேயர் அவர் முதுகில் தட்டி, "சுற்றுங்கள் பார்ப்போம்" என்றார்.

சங்கு ஊதியது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். சக்கரம் ஒரு முறை முனகியது. நின்றது. மறுபடி அசைந்து, ஒரு பலகை தண்ணீரை அறைந்தது, அடுத்தது, அடுத்தது. சேறும் நுரையும் பொங்கின. ஸ்டீமர் ஒரு முழம் முன்னே போய்க் கயிற்றில் இழுபட்டு அங்கேயே நின்று நடுங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் புறப்பட்டவர்கள் போலக் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன், அழுதுகொண்டே அசைத்தேன்.

சக்கரம் ஓய்ந்ததும் அண்ணன் மேலே வந்தார். பல்லைத் தவிர எல்லாம் கரி. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"எறங்கு பாப்பா," என்றார், "ஊரு வந்துருச்சு."

ஏறிய பலகையிலேயே இறங்கினேன். திங்கட்கிழமை வரட்டும், எந்த இரும்புக்காரன் வேண்டுமானாலும் வரட்டும்.